பசையா, போல்ட்டா? கடை அலமாரிகள் பற்றிய வாசகர் கேள்வி–பதில்

கடையில் சரக்கை அடுக்கிக் காட்டும் அலமாரி, ஸ்டாண்டு, பேனர், பொம்மை இவற்றைச் சீக்கிரம் குப்பையாக்காமல் வைத்திருப்பது எப்படி என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கடையைப் புதுப்பிக்கப் போகிறோம். எம்.டி.எஃப். அலமாரிகள் அடியில் உப்பிவிட்டன, பலகைகள் நடுவில் தொய்ந்துவிட்டன. எல்லாவற்றையும் கழித்துவிட்டு மூங்கில் அலமாரி வாங்கினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

பதில்: அவசரப்பட்டுக் கழித்துவிடாதீர்கள். 8-க்கு 4 அடி, 18 மி.மீ. கனமுள்ள எம்.டி.எஃப். பலகை ஒன்றே சுமார் 40 கிலோ இருக்கும். மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்தது அது. பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். அதன்மேல் மைக்காவையும் ஒட்டிவிட்டால் நாரைத் திரும்ப எடுப்பது மிகவும் கடினம். கடையை விட்டு வெளியேறினால் அது குப்பைமேட்டுக்கோ நெருப்புக்கோதான் போகும். இருப்பதைச் சரிசெய்துகொள்வதே முதல் வேலை.

தொய்வைச் சரிசெய்வது எளிது. 90 செ.மீ. நீளப் பலகைக்கு நடுவில் ஒரு தாங்கி கொடுத்தால் இடைவெளி 45 செ.மீ. ஆகும். ஒரே சீராகப் பரவிய சுமைக்குத் தொய்வு நீளத்தின் நான்காம் மடியாகக் கூடும். அதனால் இடைவெளி பாதியானால் அதே சரக்குக்குத் தொய்வு 16-ல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஏற்கெனவே வளைந்த பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, பிறகு தாங்கியைப் பொருத்துங்கள். நடுவில் தாங்கி வைக்க இடமில்லையா? முன் விளிம்பில் 40 மி.மீ. உயர மரச்சட்டம் ஒன்றை நிற்கவைத்துப் பொருத்துங்கள், அதுவும் நன்றாகத் தாங்கும்.

உப்பலுக்குக் காரணம் தரை துடைக்கும் தண்ணீர். உப்பிய பகுதியை முழுவதும் அறுத்து எடுத்துவிட்டு, உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் கால்களைப் பூட்டி அலமாரியைத் தரையிலிருந்து 8 செ.மீ. தூக்கி வையுங்கள். அறுத்த விளிம்பு தண்ணீரை உறிஞ்சும். பாலியூரித்தேன் வார்னிஷில் கொஞ்சம் தின்னர் கலந்து ஒரு கை அடித்து, காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, தின்னர் கலக்காமல் இன்னொரு கை அடியுங்கள். இந்த இரண்டாம் கையை விட்டுவிடுவதால்தான் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி உப்புகிறது.

மூன்றாவது சிக்கல் ஸ்குரூ. கழற்றிய ஸ்குரூவை அதே துளையில் மறுபடி முறுக்கிப் பாருங்கள். பிடிமானமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், துளையிலிருந்து பழுப்பு நிறப் பொடி உதிரும். மரை பதிந்திருந்த நாரெல்லாம் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதில் பசையை ஊற்றி அடைத்தால் அடுத்த முறை பலகையை உடைத்துத்தான் கழற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பதில் பேரல் நட்டு, அதாவது குறுக்கே மரைத்துளை உள்ள இரும்பு உருளை, போடச் சொல்லுங்கள். படுக்கைப் பலகையின் விளிம்பிலிருந்து 34 மி.மீ. தள்ளி, அடிப்பக்கத்தில் 10 மி.மீ. துளை போட்டு அந்த உருளையை இறக்க வேண்டும். பக்கப் பலகை வழியாகவும் விளிம்பு வழியாகவும் 7 மி.மீ. துளை போட்டு எம்6 × 60 போல்ட்டை அந்த உருளையில் முறுக்க வேண்டும். மரை இரும்பில் ஓடுவதால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் பலகை தேயாது. இரண்டு துளைகளும் நேர்க்கோட்டில் சந்திக்காவிட்டால் போல்ட் உருளைக்குள் நுழையாது. ஆகவே கண்ணளவை நம்பாமல், துளையின் இடத்தையும் திசையையும் காட்டும் ஒரு அச்சுக்கட்டை செய்துகொண்டு துளை போடுவது நல்லது.

மூங்கில் விரைவாக வளரும், உண்மைதான். ஆனால் மூங்கில் பலகையும் பட்டைகளைப் பசையால் ஒட்டிச் செய்ததுதான். புதிதாக வாங்கியே தீரவேண்டும் என்றால், போல்ட்டில் பூட்டும் இரும்பு ரேக்கைத்தான் நாங்கள் சொல்வோம். தட்டைக் கூட்டலாம், குறைக்கலாம், வேறு கடைக்கும் கொண்டுபோகலாம். பவுடர் கோட்டிங் மங்கினால் தேய்த்துவிட்டு மறுபடி பூசலாம். கடைசியில் பழைய இரும்பாகப் போட்டாலும் உருக்கி மீண்டும் இரும்பாக்கலாம்.

கேள்வி: பிளாஸ்டிக் வேண்டாம் என்று அட்டை ஸ்டாண்டுகளுக்கு மாறினோம். இரண்டு வாரத்தில் இடுப்பொடிந்து சாய்ந்துவிடுகின்றன. அட்டையே தவறா?

பதில்: அட்டை தவறில்லை, கணக்கில்தான் பிழை. நெளி அட்டையின் பலம் பரிசோதனைக்கூடத்தில் சில நிமிடம் அழுத்தி அளப்பது. ஒரு மாதம் தொடர்ந்து சுமை இருந்தால் அதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் மிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் அதிலும் பாதி போய்விடும். அதனால் 40 கிலோ சரக்கு வைக்கும் ஸ்டாண்டு குறைந்தது 160 கிலோ, முடிந்தால் 200 கிலோ தாங்கும்படி இருக்கட்டும்.

ஸ்டாண்டின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக இருக்கும் நெளிவுகள் குழாய் குழாயாக நிமிர்ந்து நின்றால் அது தூண்போலச் சுமையைத் தாங்கும். படுக்கையாக ஓடினால் எவ்வளவு கனமான அட்டையானாலும் மடங்கிவிடும். வெட்டும்போது தாளை மிச்சம் பிடிக்கப் படுக்கையாகப் போட்டுவிடுவதுண்டு, ஆர்டரிலேயே திசையை எழுதிக் கொடுங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்காவது ஈரம் படாத கால் வேண்டும். பளபளப்புக்காக மேலே பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டவே ஒட்டாதீர்கள், அட்டையைக் கூழாக்கும்போது அது பெருந்தொல்லை. நீர் சார்ந்த வார்னிஷ் போதும்.

கேள்வி: மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கும் விலைச்சீட்டு தாங்கிகளை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சோளம் போன்ற பயிர்களின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. வகையானால் அது மக்க 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு நிலைக்கும் தொழிற்சாலை உரக்கூடம் தேவை, மண்ணில் புதைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும். விளக்குச் சூட்டில் வளையவும் செய்யும். கையில் உள்ள அக்ரிலிக் தாங்கிகளையே காப்பாற்றுங்கள். ஆல்கஹால் கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டால் அக்ரிலிக் முழுக்க மயிரிழை விரிசல் ஓடும். இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவுதான்.

கேள்வி: மாதம் ஒரு ஃபிளக்ஸ் பேனர் மாற்றுகிறோம். மாற்று உண்டா?

பதில்: ஃபிளக்ஸ் என்பது பாலியெஸ்டர் வலைமேல் பி.வி.சி. பூசியது. இரண்டையும் பிரிப்பது கடினம், எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அலுமினியச் சட்டம் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தி, ஓரத்தில் ரப்பர் போன்ற சிலிக்கோன் பட்டை தைத்த பாலியெஸ்டர் துணியை அதன் பள்ளத்தில் செருகும் முறைக்கு மாறுங்கள். முதலில் நான்கு மூலைகளையும் செருகி, பிறகு பக்கங்களின் நடுவிலிருந்து வெளியே நோக்கி அழுத்த வேண்டும். ஒரு மூலையிலிருந்து இழுத்துக்கொண்டே போனால் கடைசி மூலையில் சுருக்கம் விழும்.

மாதம் ஒரு துணி அச்சடித்தால் இதிலும் பெரிய பலன் கிடைக்காது. துணியில் தேதி, விலை, தள்ளுபடி எதையும் அச்சடிக்காதீர்கள். மாறும் விஷயத்தைச் சின்னத் தாள் அட்டையில் தனியாக மாட்டினால் அதே துணி பல மாதம் ஓடும்.

கேள்வி: துணிக்கடை பொம்மைகளுக்குக் கை வெடித்துவிட்டது. தூக்கிப் போடவா?

பதில்: ஃபைபர் கிளாஸ் பொம்மையை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. அதனால்தான் ஒட்டுப்போடுவது இங்கே முக்கியம். வெடிப்பின் இருபுறமும் 3 செ.மீ. அளவுக்கு 80-ம் நம்பர் உப்புத்தாளால் பழைய பெயின்ட் போகத் தேயுங்கள். பளபளப்பின் மேலேயே ஒட்டினால் ஒட்டு தோலாக உரிந்துவிடும். பிறகு இரண்டு அடுக்கு ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு), அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின். 100 கிராம் ரெசினுக்கு, அதை இறுகச் செய்யும் ஹார்டனர் 1 முதல் 2 கிராம். கூடினால் சூடேறி மறுபடி வெடிக்கும். இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் திரவம் சேர்ப்பதானால் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம் ஹார்டனரை ஊற்றுங்கள். கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இறுகியதும் புட்டி வைத்து, 240-ம் நம்பர் தாளால் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடியுங்கள். தேய்க்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம், வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.