சி மொழியில் அகல எழுத்துகள்: கேள்வி பதில்

கேள்வி: ஓர் அகல எழுத்து அகரவரிசை எழுத்தா என்று சொல்லும் இஸ்-டபிள்யூ-ஆல்ஃபாவுக்கு 'அ' கொடுத்தால் பூஜ்யம், அதாவது 'இல்லை' என்று வருகிறதே சார்?

பதில்: லொகேலை, அதாவது நிரலின் மொழி, எழுத்து அமைப்பை, மாற்றும் செட்லொகேலை அழைத்தீர்களா? எந்த சி நிரலும் 'சி' லொகேலில்தான் தொடங்கும். லினக்ஸில் அந்த லொகேலுக்கு ஆங்கில எழுத்துகள் அடங்கிய ஆஸ்கி தாண்டி எதுவும் எழுத்தல்ல. மெயினின் முதல் வரியிலேயே எழுத்து வகைகளைக் குறிக்கும் எல்சி-சிடைப்பையும், கணினியின் லொகேலை எடுக்கச் சொல்லும் வெற்றுச் சரத்தையும் கொடுத்து அழையுங்கள். கணினியின் லொகேலும், யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய இஸ்-ஆல்ஃபா போதாதா?

பதில்: போதாது. யூடிஎஃப்-8இல் 'அ' 3 பைட். இஸ்-ஆல்ஃபா பைட் பைட்டாகத்தான் பார்க்கும். ஒரு பைட்டை வைக்கும் கேர் வகை, எதிர்மறை எண்ணும் ஏற்கும் குறியுள்ள வகையாக இருந்தால் எதிர்மறை எண் உள்ளே போகும். பிறகு என்ன நடக்கும் என்பதற்கு சி மொழியின் தர நிலை பொறுப்பேற்காது.

கேள்வி: சொல் பிரிக்கும் என் நிரல் 'தமிழ்நாடு' என்பதை 'தமிழ', 'நாடு' என்று உடைக்கிறது. ஏன்?

பதில்: புள்ளிதான் காரணம். இந்த ஃபங்ஷன்கள் நம் எழுத்தைப் பார்ப்பதில்லை, யூனிகோட் எண்ணைப் பார்க்கின்றன. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. அகல எழுத்துச் சரத்தின் நீளத்தைச் சொல்லும் டபிள்யூசிஎஸ்-லென்னுக்கு 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடின் அகரவரிசைப் பண்பு உயிர்க்குறிகளுக்கு உண்டு, புள்ளிக்கு இல்லை. அதை அப்படியே பின்பற்றும் நூலகத்தில் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் சொல் அறுந்துவிடும். புள்ளியின் எண் 3021. 'ஆல்ஃபா அல்லது 3021' என்று நிபந்தனை எழுதுங்கள். எழுத்தெண்ணிக்கை வேண்டுமானால் உயிர்க்குறிகளும் புள்ளியும் உள்ள 3006 முதல் 3021 வரையும், ஔகாரக் குறியின் வலப்பகுதியான 3031ஐயும் எண்ணாமல் விடுங்கள். அப்போதும் 'க்ஷ' இரண்டாகத்தான் வரும். அதை ஒன்றாகக் கொள்வதா என்பதை சி முடிவு செய்யாது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: '௩' எண்தானே? இலக்கமா என்று சொல்லும் இஸ்-டபிள்யூ-டிஜிட் மறுக்கிறது.

பதில்: தர நிலைப்படி அதற்கு 0 முதல் 9 வரை மட்டுமே இலக்கம். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியோ தமிழ் இலக்கங்களை ஆல்ஃபாவில் சேர்த்துவிடுகிறது! மதிப்பு வேண்டுமானால் இலக்கத்தின் யூனிகோட் எண்ணிலிருந்து, தமிழ்ப் பூஜ்யத்தின் எண்ணான 3046ஐக் கழியுங்கள். ௰, ௱, ௲ இதில் அடங்கா. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் கணக்கு.

கேள்வி: விண்டோஸிலும் இதே நிரல் ஓடுமா?

பதில்: அன்றாடத் தமிழுக்கு ஓடும். ஆனால் அங்கே அகல எழுத்தின் வகையான டபிள்யூகேர்-டி 2 பைட், லினக்ஸில் 4. 2019இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகள் 2 பைட்டுக்குள் அடங்காமல் இரண்டு துண்டாகும். தனித் துண்டை எழுத்து, இலக்கம் என எந்த வகையாகவும் வகைப்படுத்த முடியாது.

கேள்வி: பெரிய எழுத்தா என்று சொல்லும் இஸ்-டபிள்யூ-அப்பர் தமிழுக்கு என்ன தரும்?

பதில்: பூஜ்யம். சிறிய எழுத்தா என்று சொல்லும் இஸ்-டபிள்யூ-லோயரும் அப்படியே.