டானிக் கட்டிய பிறகு காய் கூடியது: மீதி மரங்களுக்கும் கட்டலாமா?

கேள்வி: "பொள்ளாச்சி பக்கம் எங்களுக்கு 140 தென்னை மரங்கள். இரண்டு வருடமாகக் காய்ப்பு சரிந்து, குரும்பை கொட்டிக்கொண்டே இருந்தது. போன அக்டோபரில் ஒரு கம்பெனி ஆள் வந்து, தோப்பிலேயே மோசமான 30 மரங்களைப் பார்த்து எடுத்து சத்துக் கரைசலான டானிக்கைப் பையில் ஊற்றி வேரில் கட்டினார். அப்போது அந்த மரங்களில் ஒரு வெட்டுக்கு மரத்துக்கு 9 காய்தான். இந்த மார்ச் வெட்டில் 15 காய் இறங்கியது. மீதி 110 மரத்துக்கும் கட்டச் சொல்கிறார். மரத்துக்கு 180 ரூபாய். கட்டலாமா?"

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 19,800 ரூபாயை அவர் கையில் கொடுக்கும் முன், அந்த 15 காய் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

தென்னையில் பாளை வெடித்து, குரும்பை நின்று, காய் முற்றி வெட்டுக்கு வர ஏறக்குறைய 12 மாதம் ஆகும். ஆக, இந்த மார்ச்சில் நீங்கள் வெட்டியது போன வருடம் மார்ச் வாக்கில் வெடித்த பாளைகளின் காய். குரும்பை கொட்டுவது பெரும்பாலும் பாளை வெடித்த முதல் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதைத் தாண்டிய காய் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அக்டோபரில் அந்த ஆள் வேரில் பை கட்டியபோது உங்கள் மார்ச் காய்களுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. கொட்ட வேண்டியது எப்போதோ கொட்டி, நிற்க வேண்டியது நின்றுவிட்டது. டானிக் குரும்பையைக் காப்பாற்றியது உண்மையானால் அந்தப் பலன் வரும் செப்டம்பர், அக்டோபர் வெட்டில்தான் தெரியும். மார்ச் காய்க்கு அது உரிமை கொண்டாட முடியாது.

இன்னும் ஆழமாகப் போனால், பாளை வெடிப்பதற்குச் சுமார் 32 மாதம் முன்பே குருத்துக்குள் பூங்கொத்தின் மொட்டு உருவாகத் தொடங்கிவிடுகிறது. மொட்டிலிருந்து முற்றிய காய் வரை 44 மாதம். மூன்றரை வருடத்துக்கு முந்தைய வறட்சியும் இன்றைய காய்க்கணக்கில் இருக்கிறது. இன்றைக்குப் போடும் உரத்தின் முழுப் பலன் வர இரண்டு, மூன்று வருடம் ஆகும் என்று சொல்வது இதனால்தான். மனித மனம் இவ்வளவு நீண்ட இடைவெளிக்குப் பழகவில்லை. அடுப்பைத் தொட்டால் சுடும், உடனே தெரிந்துகொள்கிறோம். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே ஒரு வருடம் கிடந்தால், விளைவுக்குச் சற்று முன்னால் யார் வந்து போனாரோ அவருக்கே பெருமையைக் கொடுத்துவிடுகிறோம். தென்னந்தோப்புகளில் டானிக் வியாபாரம் இப்படிக் கொடி கட்டிப் பறப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது, பருவம். தென்னையில் கோடை வெட்டு கூடுதலாகவும் மழைக்கால வெட்டு குறைவாகவும் இருப்பது நீங்கள் அறிந்ததே. அக்டோபரையும் மார்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றுமே கட்டாத மரத்திலும் காய் கூடியதுபோலத் தெரியும். இந்த ஆட்கள் அக்டோபரில் வந்து மார்ச்சில் மறுபடி வருவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாவதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. தோப்பிலேயே மோசமான 30 மரத்தை அவர் எடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மரமும் ஒவ்வொரு வெட்டிலும் ஒரே அளவு காய்க்காது. ஒரு வெட்டில் கடைசியில் நிற்கும் 30 மரத்தில் சில உண்மையிலேயே சோடை. மீதி, அந்த ஒரு வெட்டில் மட்டும் எதனாலோ பின்தங்கியவை. அடுத்தடுத்த வெட்டில் அவை தம் வழக்கமான அளவுக்குத் தாமாகவே திரும்பும். அதனால் மோசமானதைப் பொறுக்கியெடுத்து எதைச் செய்தாலும் முன்னேற்றம் தெரியும். வேரில் வெறும் தண்ணீரைக் கட்டியிருந்தாலும் தெரிந்திருக்கும். "மோசமான மரத்தைக் காட்டுங்க, அதுலயே செஞ்சு காட்டறேன்" என்று ஒருவர் சவால் விட்டால் அது தைரியம் என்று நம்பிவிடாதீர்கள். அவருக்கு அதைவிட வசதியான மரங்கள் கிடையாது.

உங்கள் கடிதத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன, 9, 15. எனக்கு நான்கு வேண்டும். டானிக் கட்டாத 110 மரத்தில் அக்டோபரில் எத்தனை, மார்ச்சில் எத்தனை? அங்கேயும் 12 காய் 18 ஆகியிருந்தால் டானிக்குக்கு இதில் வேலையே இல்லை. இந்த மற்ற இரண்டு எண்களைக் கேட்கத் தோன்றாதது உங்கள் குறை மட்டுமல்ல. ஸ்பெயினில் பில்பாவோ நகரத்து டியூஸ்டோ பல்கலைக்கழகத்தில் ஹெலேனா மாட்டூட்டே என்ற உளவியல் பேராசிரியரின் குழு இதைப் பலமுறை சோதித்திருக்கிறது. கணினியில் கற்பனை நோயாளிகள், கற்பனை மருந்து. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குணமாகும் விகிதம் ஒன்றே என்று அமைத்திருப்பார்கள். ஆனாலும், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குணமாகும்படி வைத்தால், மருந்து வேலை செய்வதாகவே கலந்துகொண்டவர்கள் சொன்னார்கள். அடிக்கடி மருந்து கொடுத்துப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை இன்னும் கூடுதல். கொடுக்காமல் விட்டுப் பார்த்தவர்களுக்கே உண்மை பிடிபட்டது. 140 மரத்துக்கும் கட்டிவிட்டால் உங்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேங்காய் வியாபாரியின் பழைய வெட்டுச் சிட்டைகளை எடுங்கள். மூன்று வருடத்து மார்ச் வெட்டுகளின் மொத்தக் காயை வரிசையாக எழுதிப் பாருங்கள். பாதிச் சந்தேகம் அதிலேயே தீரும்.

மீதிக்கு ஒரு சோதனை. கட்டாத மரங்களில் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே காய்ப்பு உள்ள 20 மரங்களுக்கு எண் தகடு அடியுங்கள். 20 சீட்டு எழுதிக் குலுக்கி, முதலில் வரும் 10 எண்ணுக்கு டானிக், மற்ற 10-க்கு அதே மாதிரிப் பையில் வெறும் தண்ணீர். குலுக்கல் கட்டாயம், உங்கள் கண்ணும் தேர்ந்தெடுக்கக் கூடாது, அவர் கண்ணும் கூடாது. 1919-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், வயல் சோதனைகளில் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலுக்கு விட வேண்டும் என்று வகுத்தது இந்தக் கோளாறைத் தவிர்க்கத்தான். தண்ணீர்ப் பை எதற்கு என்றால், வேரை வெட்டுவதும் பை கட்டுவதும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். எந்த எண்ணுக்கு எது என்று காய் வெட்டுகிறவரிடம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வெட்டிலும் மரவாரியாக எண்ணி எழுதுங்கள். கட்டி ஒரு வருடம் கழிந்த பிறகு வரும் மூன்று, நான்கு வெட்டுகள்தான் கணக்கு. அதற்குமுன் வரும் எண்களைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளவும் வேண்டாம், நொந்துகொள்ளவும் வேண்டாம்.

இந்த ஆட்களின் இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பை கட்டிய கையோடு, "தண்ணி நல்லா விடுங்க, யூரியா பொட்டாஷ் போடுங்க, தொழுவுரம் கொட்டுங்க, அப்பதான் டானிக் எடுக்கும்" என்பார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காய்க்கும் நெட்டை மரத்துக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்று பல காலமாகச் சொல்கிறது. இதை ஜூன்-ஜூலை, டிசம்பர்-ஜனவரி என இரண்டாகப் பிரித்து இட்டாலே சோர்ந்த தோப்பு மீளும். வேலை செய்தது உரமும் தண்ணீரும், பெயர் வாங்கியது பை. காய் கூடாவிட்டால், "தண்ணி பத்தலீங்க, இன்னொரு டோஸ் கட்டணும்" என்பார்கள். எப்படிப் போனாலும் தோற்காத ஒரு பேச்சை வைத்து நீங்கள் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதே பல்கலைக்கழகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 200 மில்லி வேர்வழி கட்டும் டானிக்கை வெளியிட்டிருக்கிறது, உண்மைதான். அதுவும் உரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது, உரத்துக்கு மாற்று அல்ல. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு சீட்டு ஒட்டாத கேனில் வருவதெல்லாம் அது ஆகிவிடாது.

காத்திருக்கத் தேவையில்லாத ஒரே நிலை போரான் சத்துக் குறை. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் டானிக்காரர்கள் இதைக் காட்டித்தான் மற்றதையும் விற்கிறார்கள். குருத்து மட்டை விரியாமல் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, நுனி சுருண்டு, மட்டை குட்டையாக வருகிறதா? அது போரான் குறையின் முகம். இங்கே போரான் உள்ள போராக்ஸ் உப்பை இட்டுப் பார்த்துவிடலாம். தென்னை மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மட்டை விடுகிறது. இட்டபின் சில மாதங்களில் வரும் மட்டைகள் ஒவ்வொன்றாகச் சரியாக விரிந்தால், பழைய மட்டை சுருண்டும் புது மட்டை நேராகவும் அதே மரத்திலேயே அடுக்காக நிற்கும். ஒட்டிய இலை பருவம் மாறியதால் பிரிந்துவிடுவதில்லை. ஒரு வருடம் கழித்து வரும் காயை நம்பாமல், கண்முன் வரும் மட்டையை நம்பும் சோதனை இது. ஆனால் அளவு மரத்துக்கு 50 கிராம் என்ற கணக்கில்தான். கூடினால் அதுவே நஞ்சு. உங்கள் கடிதத்தில் மட்டையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, குரும்பை கொட்டுவதை வைத்து மட்டும் போரான் குறை என்று முடிவுகட்டாதீர்கள்.

இவ்வளவும் ஒரு விவசாயி தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. உயிர்த்தூண்டிகள் என்ற இந்த வகைச் சரக்குகளை 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரவே 2021 ஆகிவிட்டது. அதன் பிறகும் தற்காலிகப் பதிவு, அதற்கு நீட்டிப்பு, நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு. வட்டார அலுவலர்களுக்கு மானியப் பட்டியல் எழுதவே நேரம் போதவில்லை. அரசின் செயல்விளக்கத் திடல்களிலேயே பல இடங்களில் பலகை இருக்கும், புகைப்படம் இருக்கும், பக்கத்தில் எதுவும் போடாத ஒரு வரிசை இருக்காது. அந்த ஒரு வரிசையை விட்டுவைக்கச் சொல்லிக் கட்டாயமாக்க எவ்வளவு செலவாகிவிடும்?

அந்த ஆள் மறுபடி வரும்போது 10 மரத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு எண், தொகுதி எண், தயாரித்த தேதி எல்லாம் எழுதிய பில் கேளுங்கள். "பில்லுன்னா ஜிஎஸ்டி சேரும்" என்று இழுத்தால் அந்த 10-ம் வேண்டாம். வைத்திருக்கும் பணத்தில் ஜூன் உரத்துக்கு எடுத்து வைத்ததுபோக மீதியில், இந்தக் கோடைக்கு வட்டப்பாத்தியில் மட்டையும் மஞ்சியும் பரப்பி மூடாக்குப் போடுங்கள்.