அழுங்குச் செதில்: யாரிடம் சொல்வது?

கேள்வி: எங்கள் பக்கத்துக் காட்டில் அழுங்கு பிடித்துச் செதில் விற்கிறார்கள். சொல்லியும் பயனில்லையே? (வாசகர், மாங்குளம்)

பதில்: வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. "பிடிக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னால், ஆள் வருமுன் சரக்குக் கைமாறிவிடும். இடம், நேரம், வாகன இலக்கம் மூன்றையும் சொல்லுங்கள். அழைப்பை ஏற்றவரின் பெயரைக் குறித்துவையுங்கள். செதிலை நீங்களே எடுத்துப் போகாதீர்கள், சாட்சியம் கெடும்.

கண்ணி வைத்த கூலிக்காரன்தான் பெரும்பாலும் அகப்படுகிறான். வாங்கி அனுப்பும் முதலாளி சரக்கைத் தொடுவதேயில்லை, அதனால் தப்புகிறார். இது பெரிய அநியாயம். ஆகவே வாங்க வரும் வாகனத்தைப் பற்றிய தகவலே பெறுமதி. அழுங்கு பொதுவாக ஒரு ஈற்றில் ஒரு குட்டிதான் போடும். இழப்பு எளிதில் ஈடாகாது. மருந்தென்று நம்பி வாங்கும் அந்தச் செதில் மருந்துமல்ல, நம் நகத்திலுள்ள கெரட்டின் என்ற பொருள்தான்.