கடையில் இடி, வீட்டில் முணுமுணுப்பு

கேள்வி: 55 அங்குல டிவி வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. படம் பளிச்சென்று இருக்கிறது; பேசுவதுதான் புரிவதில்லை. வசனத்துக்காக ஒலியைக் கூட்டினால், அடுத்த நொடியே சண்டைக்காட்சி வந்து வீட்டை அதிர வைக்கிறது. 78 வயது மாமனார் கையிலிருந்து ரிமோட்டைக் கீழே வைப்பதே இல்லை. ஹால் 15க்கு 11 அடி. சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. கடையில் 600 வாட் 5.1 சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்) ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள், அசந்துவிட்டோம். விலை 25,000 ரூபாய்க்குள்தான். வாங்கலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கடையில் எதைப் போட்டுக் காட்டினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஹெலிகாப்டரோ குண்டுவெடிப்போதான் இருந்திருக்கும். செய்தி வாசிப்பைப் போட்டு விற்கிற கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. உங்கள் மாமனாருக்கு வேண்டியதோ அதுதான்.

இன்றைய டிவிகள் ஒல்லியாகிவிட்டன. ஸ்பீக்கருக்கு முகப்பில் இடமில்லாததால் பெரும்பாலான டிவிகளில் அது கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கிறது. நடிகர் பேசுவது சுவரில் முட்டித் திரும்பித்தான் நமக்கு வந்து சேர்கிறது. போதாக்குறைக்கு, திரைப்படங்களில் வசனத்தைப் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தனி ஒலித்தடத்தில்தான் வைக்கிறார்கள். டிவி அதை இசையோடும் இரைச்சலோடும் சேர்த்து இரண்டு ஸ்பீக்கருக்குள் திணித்துவிடுகிறது.

பணம் செலவழிக்கும் முன் டிவியின் ஒலி அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். குரலைத் தெளிவாக்கும் தேர்வு, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் இரவுத் தேர்வு என ஒன்றாவது இருக்கும். ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். மாமனாரின் செவித்திறனையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். காது மங்கியிருந்தால் சவுண்ட்பார் பாதி மருந்துதான்.

அப்படியும் போதவில்லை என்றால், உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது 3.1. இடம், வலம், நடு என மூன்று. அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர். நடு ஸ்பீக்கர் தனியாக இருப்பதால் குரலை மட்டும் ஏற்றும் வசதி பல மாடல்களில் உண்டு. 5.1 என்றால் இதோடு இரண்டு பக்க ஸ்பீக்கர்கள் சேரும். அவை உட்காருபவருக்கு இருபுறமும், சற்றே பின்னால் தள்ளி இருக்க வேண்டும். சுவரை ஒட்டிய சோபாவுக்குப் பின்னால் ஏது இடம்? சோபாவை இரண்டு அடி முன்னால் இழுக்கச் சம்மதம் என்றால் 5.1 வாங்குங்கள், இல்லையென்றால் அந்த இரண்டு பெட்டிகளும் ஷோகேஸில் பொம்மைக்குப் பக்கத்தில்தான் உட்காரும். இன்னொன்று: விலை குறைந்த பல 5.1 மாடல்களில் பின் ஸ்பீக்கருக்கான வயர் சப்வூஃபரிலிருந்து வருகிறது. வயர்லெஸ் என்று சொல்லி விற்பதற்கும் பெரும்பாலும் தனித்தனியே பிளக் பாயின்ட் வேண்டும். இதைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

600 வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். 300 வாட் 600 ஆனாலும் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு அது சிறிய ஏற்றம். அட்டைப்பெட்டியில் இருப்பது ஆர்.எம்.எஸ். கணக்கா (தொடர்ந்து தரும் திறன்), பி.எம்.பி.ஓ. கணக்கா (கண நேர உச்சம்) என்று பாருங்கள். இரண்டாவது வெறும் ஜம்பம்.

திரும்பக் கடைக்குப் போகும்போது மாமனாரையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு செய்தி அலைவரிசையை, வீட்டில் இரவு பத்து மணிக்கு வைக்கும் அளவுக்குக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். எது புரிகிறது என்று அவர் சொல்லட்டும்.

கேள்வி: டிவியோடு சவுண்ட்பாரை ஆப்டிகல் கேபிளில் இணைப்பதா, எச்.டி.எம்.ஐ. கேபிளிலா? அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்க வைக்கும் டால்பி முறை) தேவையா?
- வாசகர், சேலம்

பதில்: எச்.டி.எம்.ஐ. ஆனால் எந்தத் துளையிலும் செருகிவிடக் கூடாது. டிவியின் பின்னால் ஒரு துளைக்கு மட்டும் பொடி எழுத்தில் ஏ.ஆர்.சி. (ARC) அல்லது இ.ஏ.ஆர்.சி. (eARC) என்று எழுதியிருக்கும், டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் துளை அதுதான்; டார்ச் அடித்துத் தேடுங்கள். அங்கே செட்டாப் பாக்ஸ் குடியிருந்தால் வேறு துளைக்கு மாற்றுங்கள். இப்படி இணைத்தால் பெரும்பாலும் டிவி ரிமோட்டே சவுண்ட்பாரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும். ஆப்டிகலில் பழைய டால்பி டிஜிட்டல் 5.1 வரை வரும், அட்மாஸ் வராது. புளூடூத்தில் சில வேளை உதடு ஒருபுறம், குரல் ஒருபுறம்.

அட்மாஸ் மாடல்களில் 5.1.2 என்று எழுதியிருந்தால் கடைசி இரண்டு, மேலே வரும் ஒலிக்கானது. பெரும்பாலும் அது கூரையில் பட்டுத் திரும்பி வரும். பத்தடி உயரத்தில் தட்டையான கான்கிரீட் கூரை என்றால் நன்றாகவே வேலை செய்யும். ஓட்டு வீட்டுக்கு அது தண்டச்செலவு. 2.0 அட்மாஸ் என்று போட்டிருந்தால் மேல்நோக்கிய ஸ்பீக்கரே கிடையாது, மென்பொருள் பாவனைதான்.

வாங்கும் முன் டிவியின் அடிவிளிம்புக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். சவுண்ட்பார் அதைவிட உயரமாக இருந்தால் டிவியில் ரிமோட்டின் சைகையை வாங்கும் கண்ணை மறைத்துவிடும். அப்புறம் சேனல் மாற்ற எழுந்து நின்று கையைத் தூக்க வேண்டியிருக்கும்.