ராட்டினத்தில் ஏறினால் குமட்டலா? எதில் ஏறுவது என்பதில்தான் சூட்சுமம்

வணக்கம். ஜெயன்ட் வீலில் ஒன்றும் ஆகவில்லை, கோப்பை வடிவ இருக்கையில் உட்கார்ந்து சுற்றும் கப் அண்ட் சாசரில் இருந்து இறங்கியதும் வாந்தி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆச்சரியமே இல்லை. உள்காதில், சுழற்சியை உணரும் அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம், நீங்கள் இறங்கி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். கால் தரையில் நிற்கிறது என்று கண் சொல்லும், இன்னும் சுற்றுகிறோம் என்று காது சொல்லும். இந்தச் சண்டையில் மாட்டுவது வயிறு.

அதனால் ஒரே இடத்தில் கிறுகிறுவென்று சுற்றுவதை விட்டுவிடுங்கள். வேகமான ரோலர் கோஸ்டர்கூடப் பலருக்கு ஒத்துக்கொள்ளும். சுற்றும்போது குனிந்து செருப்பைப் பார்ப்பது, திரும்பிப் பிள்ளையைப் படம் எடுப்பது, இரண்டும் வேண்டாம். தலையைச் சாய்த்தால் காது இன்னும் குழம்பும். பின்தலையை இருக்கையோடு ஒட்டி வையுங்கள்.

வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. குமட்டலைத் தடுக்கும் மெக்லிசின் போன்ற மாத்திரையை ஏறுவதற்கு 1 மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கியபின் போட்டுப் பெரிய பயனில்லை. தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

வாயில் எச்சில் ஊறி, நெற்றி வியர்த்தால் அடுத்த வரிசையில் போய் நிற்காதீர்கள். நிழலில் உட்கார்ந்து தூரத்தில் அசையாத ஒன்றைப் பாருங்கள். கைபேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்.