9,000 ஆர்பிஎம்மைத் தொடலாமா?

கேள்வி: என்னிடம் 2002 மாடல் ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. 17 வருடமாக நான் மட்டும்தான் ஓட்டுகிறேன், பெரிய செலவு எதுவும் வைத்ததில்லை. இன்னும் பல வருடம் ஓட வேண்டும் என்று இப்போதெல்லாம் மாதம் ஒருமுறைதான் எடுக்கிறேன், 5,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) மேல் போவதே இல்லை. இது சரியா?

பதில்: 17 வருடம் ஒரே கையில் இருக்கும் எஸ்2000 என்றதுமே எனக்குச் சந்தோஷம். ஆனால் வண்டியைக் காப்பாற்ற நீங்கள் செய்கிற இரண்டுமே அதற்கு நல்லதில்லை. அந்த 2 லிட்டர் இன்ஜினை 9,000 ஆர்பிஎம் வரை சுற்றுவதற்கென்றே செய்திருக்கிறார்கள். வேகத்துக்கு ஏற்ப வால்வு திறக்கும் அளவை மாற்றும் விடெக் அமைப்பின் பெரிய கேம் (வால்வைத் திறக்கும் பாகம்) 6,000-ஐ ஒட்டித்தான் வேலைக்கு வரும், அதற்குக் கீழேயே ஓட்டினால் அந்த இன்ஜின் எதற்குப் பெயர் வாங்கியதோ அதை நீங்கள் பார்க்கவே போவதில்லை. தாராளமாக மிதியுங்கள். சூடாகாத இன்ஜினை மட்டும் முறுக்காதீர்கள். மீட்டர் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும் என்பதால், மீட்டரின் கோடுகள் வழக்கமான அளவுக்கு வந்த பிறகும் ஒரு பத்து நிமிடம் நிதானமாகப் போங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம்.

மாதம் ஒருமுறை எடுப்பதையும் மாற்றுங்கள். நிறுத்தியே வைத்தால் பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்தும். சும்மா ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது இன்னும் மோசம், உள்ளே சேரும் ஈரம் ஆவியாகும் அளவுக்குச் சூடாகாமல் ஆயிலோடு கலந்து நிற்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓட்டினால் ஆயில் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதனால் இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் வேலை இல்லை. ஆனால் இன்ஜின் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள். டேப்பட் செட்டிங் (வால்வு இடைவெளி) தானாகச் சரியாகிக்கொள்ளாது, அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இழுக்க இழுக்கக் கொதிநிலை இறங்கி, அவசரமாக மிதிக்கும்போது பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக டயர். மாதம் ஒருமுறை ஓடுகிற வண்டியில் டயர் தேயாது, பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். உங்கள் மாடலில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் கிடையாது, ஈரமான வளைவில் பின்பக்கம் வழுக்கினால் நீங்கள்தான் பிடிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி 4 எண்களைப் படியுங்கள்: 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழைய டயர் ஏதாவது இருந்தால், 9,000-ஐத் தொடும் முன் நான்கையும் மாற்றிவிடுங்கள்.