ஹிக்ஸ்வில்லில் இருக்கிறோம், எங்கள் ஊர்ச் செய்திக்கு எதைப் பார்ப்பது?

கேள்வி: நியூயார்க் மாநிலம் நாசாவ் கவுண்டியில், ஹிக்ஸ்வில்லில் ஒரு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். அடுத்த வருடம் இங்கேயே வீடு வாங்க எண்ணம். டிவியைப் போட்டால் மன்ஹாட்டன் செய்திதான் வருகிறது. எங்கள் ஊரில் நடப்பது வாட்ஸ்அப் பார்வர்டு வழியாகத்தான் தெரிகிறது. அதில் பாதி தப்பாக இருக்கிறது. எந்தப் பேப்பர், ரேடியோ, சேனலை நம்பலாம்? நியூஸ்டே நாளிதழுக்குச் சந்தா கட்டலாமா?

பதில்: சந்தாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வீடு பார்க்கப் போகும்போது அந்த வீட்டின் சொத்து வரி பில்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாசாவில் ஸ்கூல் வரிக்கு ஒரு பில், ஜெனரல் வரிக்கு ஒரு பில். இரண்டாவதில் கவுண்டி, டவுன், தண்ணீர், தீயணைப்பு என்று வரிசையாக இருக்கும். அந்த பில்களில் யார் பெயரெல்லாம் இருக்கிறதோ, அவர்கள் எடுக்கிற முடிவுதான் உங்கள் ஊர்ச் செய்தி. எந்தப் பத்திரிகை அவர்களைக் கவனிக்கிறது என்று பார்த்தால் போதும்.

நாசாவில் 3 டவுன், 2 சிட்டி, 64 வில்லேஜ், 56 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் இருக்கின்றன. ஹிக்ஸ்வில்லுக்கோ தனி மேயர் கிடையாது. அது ஆய்ஸ்டர் பே டவுனில் அடக்கம். இன்னொன்று, முகவரியில் ஹிக்ஸ்வில் என்று இருந்தாலும் சில தெருக்கள் ஜெரிக்கோ ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் வரும். இத்தனை அடுக்குகளை நியூயார்க் நகரத்து சேனல் எதுவும் பின்தொடர முடியாது. அதன் பார்வையில் மூன்று மாநிலங்களின் ஊர்கள் இருக்கின்றன.

கவுண்டி அளவிலான விஷயங்களுக்கு நியூஸ்டேதான். 1940 செப்டம்பரில் அலிசியா பேட்டர்சன் ஹெம்ப்ஸ்டெட்டில் தொடங்கிய நாளிதழ் அது. வீடு வாங்கப் போகிற நீங்கள் அதன் இரண்டு விசாரணைகளையாவது தேடிப் படிக்க வேண்டும். 2017இல் வந்தது வரி மதிப்பீடு பற்றியது. நாசாவில் வீட்டு மதிப்பை எதிர்த்து ஒவ்வொரு வருடமும் மனு கொடுக்கலாம். மனு கொடுத்து ஜெயித்தவர்களுக்குக் குறைந்த வரி, கொடுக்காதவர்கள் தலையில் போய் விழுந்திருக்கிறது. அப்படிக் கைமாறிய சுமை ஏழு வருடத்தில் 170 கோடி டாலர் என்று நியூஸ்டே கணக்குப் போட்டுக் காட்டியது. புதிதாக வருகிறவர்களுக்கு இப்படி ஒரு மனு இருப்பதே தெரியாது. வழக்கமாக ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் 1 வரை மனு வாங்குவார்கள். சில வருடங்களில் தேதியை நீட்டித்திருக்கிறார்கள். அந்த நீட்டிப்பையும் உள்ளூர்ப் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது, 2019 நவம்பரில் வந்தது. வீடு வாங்குகிறவர்கள் போல ஆட்களை 93 ஏஜென்டுகளிடம் அனுப்பி, ரகசியமாகப் படம்பிடித்து, மூன்று வருடம் செய்த வேலை. ஒரே வசதி, ஒரே தேவை, தோல் நிறம் மட்டும் வேறு. கறுப்பினத்தவர் போன சோதனைகளில் 49 சதவீதத்திலும், ஹிஸ்பானிக் மக்கள் போனதில் 39 சதவீதத்திலும், ஆசியர்கள் போனதில் 19 சதவீதத்திலும் பாரபட்சத்துக்கான அறிகுறி இருந்தது. நம் ஆட்களை நம் ஆட்கள் இருக்கிற தெருவுக்கே கூட்டிப்போகிறார்களா என்ற சந்தேகம் உங்களுக்கு வந்தால், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதைப் படித்தால் புரியும். நாசாவ் இருக்கிற இந்த லாங் ஐலண்ட் தீவின் பத்திரிகைப் பணியில் நான் மிகவும் மதிக்கிற ஒன்று இது.

அடுத்தது வார இதழ்கள். புதிதாக வந்தவர்கள் மளிகைக் கடை விளம்பரத் தாள் என்று நினைத்து இதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், போடாதீர்கள். பல ஊர்களுக்கு ஊர்ப் பெயரோடு சேர்ந்து 'ஹெரால்டு' வருகிறது. உங்கள் பகுதிக்கு எது வருகிறது என்று நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதில் பின்பக்கம் பொடி எழுத்தில் வரும் லீகல் நோட்டீஸை முதலில் படியுங்கள். பக்கத்துக் காலி மனையில் கட்டுவதற்கு யாராவது மண்டல விதிகளிலிருந்து விதிவிலக்குக் கேட்டால், விசாரணைக்கு ஐந்து நாளாவது முன்னால் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஸ்கூல் போர்டு கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதும் இவற்றில்தான் விவரமாக வரும். மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஸ்கூல் பட்ஜெட்டுக்கு ஓட்டெடுப்பு. பட்ஜெட் மாநிலத்தின் வரி உயர்வு உச்சவரம்பைத் தாண்டினால், அது நிறைவேற 60 சதவீத ஓட்டு வேண்டும்.

சின்னப் பத்திரிகைதானே என்று நினைத்தால் ஒன்று சொல்கிறேன். 2022இல் உங்கள் தொகுதியில் காங்கிரஸுக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் சாண்டோஸின் சொத்துக் கணக்கில் திடீரென்று ஏறியிருந்த பணம் எங்கிருந்து வந்தது என்று தேர்தலுக்கு முன்பே, செப்டம்பரில் எழுதியது 'நார்த் ஷோர் லீடர்' என்ற உள்ளூர் வார இதழ். பெரிய பத்திரிகைகள் எதுவும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஜெயித்த பிறகு டிசம்பரில்தான் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. அடுத்த வருடம் 2023 டிசம்பர் 1 அன்று அவரை அவையிலிருந்து நீக்கினார்கள்.

டிவிக்கு நியூஸ் 12 லாங் ஐலண்ட். 1986 டிசம்பரில் தொடங்கியது. 24 மணி நேர உள்ளூர்ச் செய்தி சேனலில் அமெரிக்காவிலேயே முதல். கேபிள் சேனல் என்பதால் ஆன்டெனாவில் வராது. பனி கொட்டுகிற காலையில் எந்தப் பள்ளி லீவு, எது இரண்டு மணி நேரம் தாமதம் என்று பார்க்க நல்லது. ஆனால் கடைசி வார்த்தை உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் செய்திதான். அதில் போன் நம்பரைப் பதிந்து வையுங்கள்.

ரேடியோவில் இப்போது தேர்வு குறைவு. டபிள்யூசிபிஎஸ் 880 முழுநேரச் செய்தியை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. 1010 வின்ஸ் இருக்கிறது, எஃப்எம் 92.3லும் கேட்கலாம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாலை, ரயில் நிலவரம். ஊர் வாசனையோடு கேட்க ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தின் 88.7.

சரி, சந்தா. ஜனவரி முதல் மே வரை, அதாவது வரி மனுவும் ஸ்கூல் பட்ஜெட்டும் நடக்கிற மாதங்களுக்காவது நியூஸ்டேக்குக் கட்டுங்கள். மற்ற மாதங்களில் நூலகத்தில் படித்துக்கொள்ளலாம். நூலக அட்டையை வைத்து வீட்டிலிருந்தே படிக்க வழி இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், அது பில்லில் இருக்கிற யாரைப் பற்றியது என்று பார்த்து, அவர்களுடைய தளத்தில் கூட்ட அறிக்கையைத் தேடுங்கள். அங்கேயும் இல்லை, வார இதழிலும் இல்லை என்றால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.